வீடியோ எடுத்தது யார்?

கேள்வி: நாங்கள் பெந்தெகொஸ்தே சபை. மகன் கட்டியிருப்பது தூத்துக்குடி கத்தோலிக்கக் குடும்பத்துப் பெண்ணை. கிறிஸ்மஸுக்குச் சம்பந்தி வீட்டிலிருந்து கேக்கோடு, வீட்டில் செய்த ஒயின் ஒரு பாட்டிலும் வந்தது. குடியால் அழிந்த வீட்டில் பிறந்தவள் நான். பாட்டிலைச் சிங்கில் கொட்டினேன். மருமகள்தான் வீடியோ எடுத்தாள். ‘பிசாசின் பானத்துக்கு இந்த வீட்டில் இடமில்லை’ என்று எழுதி, எபேசியர் 5:18ஐயும் சேர்த்து, இரண்டு வீட்டாரும் இருக்கிற வாட்ஸ்அப் குழுவில் போட்டேன். சம்பந்தியின் தம்பி என்னைப் பரிசேயர், அதாவது வெளிவேஷ பக்தி, என்றார். கானாவூர் கல்யாணத்தில் இயேசு தண்ணீரை மாற்றிச் செய்தது ஒயின் அல்ல, புளிக்காத பழரசம் என்று விளக்கினேன். சிரிக்கிற பொம்மை போட்டார்கள். மகன் முகம் கொடுத்துப் பேசுவதில்லை. சத்தியத்தை நயமாக வேறு சொல்ல வேண்டுமா?
— ஒரு வாசகி, நாகர்கோவில்

பதில்: சகோதரி, குடி வேண்டாம் என்பதில் நான் உங்கள் கட்சி. அதனால் இனி எழுதுவதை எதிர்க்கட்சியின் பேச்சு என்று தள்ளிவிடாதீர்கள்.

போகிற போக்கில் ஒரு வரி எழுதியிருக்கிறீர்கள்: ‘மருமகள்தான் வீடியோ எடுத்தாள்.’ அவளாக எடுத்தாளா, நீங்கள் எடுக்கச் சொன்னீர்களா? புகுந்த வீட்டில் மாமியார் போனை நீட்டினால் எந்தப் பெண் மாட்டேன் என்பாள்? பன்னீர் திராட்சையைக் காம்பு கிள்ளிக் கழுவி, ஈரம் போக உலர்த்தி, சீனி, ஈஸ்ட், ஒரு பிடி கோதுமை, பட்டை, கிராம்பு சேர்த்துப் பரணியில் போட்டு வாயைத் துணியால் கட்டி, மூன்று வாரம் தினமும் மரக்கரண்டியால் கிளறி, வடிகட்டித் தெளியவைத்து அனுப்புகிற பண்டம் அது. அவளுடைய அம்மா செய்தது. அது சாக்கடைக்குப் போவதை மகள் கையாலேயே படம் பிடிக்க வைத்திருக்கிறீர்கள். மருமகளின் தாய்வீட்டு மானத்தைக் காப்பது மாமியாரின் கடமை. எந்தச் சபைக்குப் போனாலும் அந்தக் கடமை போகாது. மகன் ஏன் பேசவில்லை என்று கேட்கவே வேண்டாம்.

அடுத்தது, ‘பிசாசின் பானம்’. கத்தோலிக்கர் பூசையில் பீடத்தில் வைப்பது திராட்சையிலிருந்து செய்த அசல் ஒயின். அது அவர்கள் திருச்சபைச் சட்டம். நீங்கள் பாட்டிலைத் திட்டினீர்கள், அவர்கள் காதில் அது பீடத்தைத் திட்டியதாக விழுந்தது. எபேசியர் 5:18 வெறிகொள்வதைத்தான் கண்டிக்கிறது. சம்பந்தி வீட்டில் யாரும் வெறித்துக் கிடந்ததாக நீங்கள் எழுதவில்லையே.

கானாவூர் வாதத்தையும் விட்டுவிடுங்கள். பாலஸ்தீனத்தில் திராட்சை அறுவடை கோடைக் கடைசியில். கானாவூர் கல்யாணத்தைச் சொன்ன கையோடு யோவான் 2:13 பஸ்கா பண்டிகை சமீபமாயிருந்தது என்கிறது, அது வசந்த காலம். ஆறு மாதம் கழித்து அந்த வெக்கையில் எந்தச் சாறு புளிக்காமல் இருக்கும்? அமெரிக்காவில் தாமஸ் வெல்ச் என்ற மெதடிஸ்ட் பல் மருத்துவர் நற்கருணைக்காகத் திராட்சைச் சாற்றைச் சூடாக்கிப் புளிக்காமல் பாட்டிலில் அடைத்ததே 1869இல்தான். பலவீனமான வாதத்தைச் சத்தமாகச் சொன்னால் சிரிக்கிற பொம்மைதான் வரும். (அவர்கள் ‘இது வெறும் ஜூஸ்தானே’ என்று சொன்னால் அதுவும் பொய். லிட்டருக்குப் பதினேழு கிராம் சர்க்கரை புளித்தால் ஏறக்குறைய ஒரு சதவீதம் ஆல்கஹால். வீட்டு ஒயின் பத்து சதவீதத்தைத் தொடுவது சாதாரணம். இனிப்பு அதை மறைக்கும், அவ்வளவுதான்.)

ரோமர் 14:3ஐ இரண்டு வீட்டாரும் பாதிப் பாதியாகப் படித்திருக்கிறீர்கள். புசிக்கிறவன் புசியாதவனை அற்பமாய் எண்ணக்கூடாது: அது அந்தப் பொம்மை போட்டவர்களுக்கு. புசியாதவன் புசிக்கிறவனைக் குற்றவாளியாகத் தீர்க்கக்கூடாது: இது உங்களுக்கு.

நயமாகச் சொல்ல வேண்டுமா என்கிறீர்கள். எரேமியா 35ஆம் அதிகாரத்தில் ரேகாபியர் என்ற குலத்தார் முன்னால் திராட்சரசம் நிரம்பிய குடங்களைத் தீர்க்கதரிசியே வைக்கிறார், அதுவும் தேவாலயத்தில். அவர்கள் குடத்தைக் கவிழ்க்கவில்லை. நாங்கள் குடிப்பதில்லை, எங்கள் தகப்பன் யோனதாப் அப்படிக் கட்டளையிட்டிருக்கிறார் என்றார்கள். அதற்குக் கர்த்தர் அவர்களை மெச்சினார். உங்களிடமும் அப்படி ஒரு காரணம் இருக்கிறது: குடியால் அழிந்த வீடு. என்னிடம் சொன்ன அந்த ஒரு வரியைக் குழுவில் எழுதியிருந்தால் யார் பரிசேயர் என்றிருப்பார்? வசனத்தை எடுத்து வீசினீர்கள், காயத்தை மறைத்துக்கொண்டீர்கள்.

இப்போது செய்ய வேண்டியது. முதலில் மருமகள். அவளைத் தனியாக உட்காரவைத்து, ‘உன்னை அதை எடுக்கச் சொன்னது என் தப்பு’ என்று சொல்லுங்கள். ‘ஆனாலும்’ என்று தொடங்கும் இரண்டாவது வாக்கியம் வேண்டாம். பிறகு வீடியோ. எல்லோருக்கும் அழிக்கிற வசதி இரண்டு நாள் சொச்சத்தில் முடிந்துவிடும், இப்போது உங்கள் போனில் மட்டும்தான் அழியும். எனவே அதே குழுவில், வசனம் இல்லாமல் இரண்டே வரி: கொட்டியதும் எழுதியதும் தவறு, நேரில் வருகிறோம்.

அடுத்த ஞாயிறு ஆராதனை முடிந்து தூத்துக்குடிக்குப் போங்கள், கணவரையும் கூட்டிக்கொண்டு. மகனைத் தூது அனுப்பாதீர்கள். மத்தேயு 18:15 தனித்திருக்கையில் பேசச் சொல்கிறதே, அதனால் கூடத்தில் எல்லார் முன்னும் வேண்டாம். சம்பந்தியம்மாவிடம் அடுப்படியில் பேசுங்கள். உங்கள் பிறந்த வீட்டில் நடந்ததைச் சொல்லுங்கள். எங்கள் வீட்டில் குடிப்பதில்லை, வருகிற வருஷம் கேக் மட்டும் அனுப்புங்கள் என்றும் அங்கேயே சொல்லிவிடுங்கள். அவர் நவம்பர் கடைசியில் பரணி கட்டுவதற்குள் தெரிந்திருக்க வேண்டும். உங்கள் கொள்கையில் ஓர் எழுத்தும் குறையாது.

பேச்சில் யாராவது கானாவூரை இழுத்தால், ‘அது இன்னொரு நாள்’ என்று சொல்லிவிட்டுச் சாப்பிட உட்காருங்கள். பரிசேயர் என்றதற்குச் சம்பந்தியின் தம்பி மன்னிப்புக் கேட்கிறாரா இல்லையா என்பது அவர் பாடு. அதற்காகக் காத்திருக்காதீர்கள்.