பாக்கு மருந்தாகுமா?

கேள்வி: வயிற்றுப் புழுவுக்குப் பாக்குத்தூள் கொடுப்பதும், சுட்ட பாக்கால் பல் தீட்டுவதும் எங்கள் ஆச்சியின் வழக்கம். இப்போதும் செய்யலாமா?
— வாசகி, சாவகச்சேரி

பதில்: புழுவுக்குக் கொடுத்ததில் காரணம் உண்டு. பாக்கிலுள்ள அரிக்கோலின் என்ற வேதிப்பொருள் நாடாப்புழுவைச் செயலிழக்கச் செய்யும். நாய்களுக்குப் புழு நீக்க ஒருகாலத்தில் அதையே மருந்தாகக் கொடுத்தார்கள். ஆனால் வீட்டில் அளவு பிடிக்கவே முடியாது. பச்சைப்பாக்கு வெறித்து வியர்வை, தலைச்சுற்று, வாந்தி வருவதும் அதே அரிக்கோலினால்தான். பிள்ளைகளுக்கு ஒருபோதும் கொடுக்காதீர்கள். வைத்தியரிடம் பூச்சிமாத்திரை கேளுங்கள்.

சுட்ட பாக்குக்கரி அழுக்கை உரசி எடுக்கும். பொடி பருபருவென்று இருந்தால் பல்லின் மேற்படையும் தேயும், பிறகு தண்ணீர் பட்டாலே கூசும். பற்பசை போதும்.

மெல்லவே வேண்டாம். புகையிலை சேராத பாக்கும் புற்றுநோய் தரும் என்பது சர்வதேசப் புற்றுநோய் ஆய்வு முகவரகம் 2004இல் வெளியிட்ட முடிவு. காரம் பட்டால் வாய் எரிகிறதா, மூன்று விரலை அடுக்கி வாய்க்குள் நுழைக்க முடியவில்லையா, உடனே பல் வைத்தியரிடம் போங்கள்.

பொன்னுருக்கலுக்கும் கும்பத்துக்கும் வைக்கும் பாக்கை விடவேண்டியதில்லை. கோதோடு காயவைத்ததைக் காதருகே குலுக்குங்கள். உள்ளே கடகடத்தால் நன்றாகக் காய்ந்துவிட்டது. ஈரத்தோடு பெட்டியில் மூடினால் பூஞ்சணம் பிடிக்கும்.