உச்சியில் நிற்கும் அந்த மூன்று விநாடி

கேள்வி: டொராண்டோ பக்கம் வசிக்கிறோம். கனடாஸ் வொண்டர்லேண்டில் இருக்கும் யூகான் ஸ்ட்ரைக்கர் ரோலர் கோஸ்டரில் ஏற வேண்டும் என்று 13 வயது மகள் ஒற்றைக்காலில் நிற்கிறாள். உச்சியில் நிறுத்திவிட்டு, செங்குத்தாக விழுமாம். அங்கே பிரேக் பழுதானால் என்ன ஆகும்? எனக்கு 47 வயது; ரத்த அழுத்தத்துக்கு மாத்திரை சாப்பிடுகிறேன். நானும் ஏறலாமா?

பதில்: பிரேக் பிடி விட்டுவிட்டால் வண்டி கீழே விழும். அதற்காகத்தானே வரிசையில் நிற்கிறீர்கள்! கேலி இல்லை. அந்த நிறுத்தம் பாதுகாப்புக்காக வைத்தது அல்ல, உங்களைப் பயமுறுத்த வைத்தது. மூன்று விநாடி முன்னதாக விழுவீர்கள், அவ்வளவுதான். உங்களைக் காப்பது சக்கரம். எஃகுக் குழாய்த் தண்டவாளத்தின் மேலே ஒன்று, பக்கவாட்டில் ஒன்று, அடியில் ஒன்று என மூன்று வகைச் சக்கரங்கள் அதைக் கவ்விக்கொண்டு ஓடுகின்றன. தலைகீழானாலும் வண்டி கழன்று விழ வழியில்லை.

2019இல் திறந்த இதன் இறக்கம் 75 மீட்டர், முழு 90 பாகை; முடிவது தண்ணீருக்கு அடியில் போகும் சுரங்கத்தில். அவ்வளவு உயரத்திலிருந்து ஒரு கல்லைப் போட்டால், காற்றுத் தடையைக் கழித்துவிட்டுக் கணக்கிட்டால், சுமார் 138 கிலோமீட்டர் வேகத்தில் தரையைத் தொடும். இந்த வண்டியின் உச்ச வேகம் 130. ஆக, கிட்டத்தட்ட கல்லாகவே விழுகிறீர்கள், நான்கு விநாடி. ஊஞ்சல் உச்சியிலிருந்து திரும்பும்போது அடிவயிறு கூசுமே, அதே கூச்சம்தான். இங்கே நடுவில் விடாது. அடியில் வளையும்போது நேரெதிர்: உடல் கனத்து, ரத்தம் காலுக்கு இறங்கும். சிலருக்குக் கண் மங்கும். தொடையை இறுக்கி, தலையை இருக்கையில் சாய்த்து வைத்தால் சமாளிக்கலாம்.

வரிசைக்கு எட்டுப் பேர், மூன்று வரிசை. முன்வரிசைக்காரர்கள் அந்த மூன்று விநாடியும் பள்ளத்தை நேராகப் பார்த்தபடி தொங்குவார்கள். ஓர இருக்கைக்குக் கீழே தண்டவாளமும் தெரியாது, வெறும் காற்றுதான். முதல் தடவைக்கு நடுவரிசையின் நடு இருக்கையே நல்லது. கால் வைக்கத் தளம் கிடையாது; செருப்பு வேண்டாம், கட்டிய ஷூ போடுங்கள். சங்கிலியோ தாலிக்கொடியோ உடைக்குள் இருக்கட்டும். வெறும் வயிற்றோடும் போகாதீர்கள், பிரியாணியை ஒரு பிடி பிடித்துவிட்டும் போகாதீர்கள்.

மகள் 132 சென்டிமீட்டரைத் தாண்டியிருந்தால், உடம்பில் வேறு சிக்கல் இல்லையென்றால், தாராளமாக அனுப்பலாம். உங்கள் விஷயம் வேறு. பயத்திலேயே இதயத் துடிப்பும் அழுத்தமும் எகிறும். மாத்திரையில் எல்லாம் கட்டுக்குள் இருக்கிறது என்று நீங்கள் சொன்னால் போதாது, உங்கள் மருத்துவர் சொல்ல வேண்டும். அவரைக் கேட்கும்வரை கீழேயே நில்லுங்கள். மகளின் கைப்பேசியையும் தொப்பியையும் வாங்கி வைத்துக்கொள்ள ஓர் ஆள் வேண்டும்.