குடிக்க அல்ல, ஒப்பிட: வீட்டுச் சாராய மாதிரிகள் பற்றிய கேள்வி பதில்

நியூசிலாந்தில் சொந்த உபயோகத்துக்கு வீட்டிலேயே சாராயம் காய்ச்ச 1996 முதல் சட்டம் இடம் தருகிறது. விற்கத்தான் கூடாது. நான் ஆக்லாந்தில் வருடக்கணக்காகக் காய்ச்சுகிறேன். ஒவ்வொரு முறையும் கொஞ்சம் மாதிரி எடுத்து வைப்பேன். அதைப் பற்றி வந்த கேள்விகளும் என் பதில்களும் இவை.

அண்ணா, நோட்டில் எழுதி வைத்தால் போதாதா? பாட்டில் வேறு எதற்கு?

நோட்டும் வேண்டும். ஆனால் "பழ வாசம் தூக்கல்" என்று போன வருடம் எழுதியிருந்தால், எவ்வளவு தூக்கல் என்று இப்போது எப்படித் தெரியும்? வாசனையின் அளவு துல்லியமாக ஞாபகத்தில் நிற்காது. போன வருட ஃபீஜோவா பழ பிராந்தியையும் இந்த வருடத்ததையும் அருகருகே வைத்து முகர்ந்தால்தான் ஈஸ்ட்டை மாற்றியது நல்லதா கெட்டதா என்று பேசவே முடியும்.

எந்த பாட்டில், எவ்வளவு?

100 மில்லி ஒன்றைவிட 50 மில்லி இரண்டு நல்லது. ஒன்றைத் திறந்து பாதி குறைந்ததும் உள்ளே காற்று சேர்ந்து வாசனை மாறத் தொடங்கும். மற்றது அப்படியே இருக்கும். பழுப்புக் கண்ணாடி, இறுக்கமான திருகு மூடி. ரப்பர் வைத்த சொட்டு மருந்து பாட்டில், பிளாஸ்டிக், கார்க் மூன்றும் வேண்டாம். சாராயம் அவற்றின் வாசனையை இழுத்துக்கொள்ளும். சூட்டில் விரிய கொஞ்சம் இடம் விட்டுக் கழுத்துவரை நிரப்பி, நிமிர்த்தி, இருட்டான அலமாரியில் வையுங்கள். கோடையில் கொதிக்கும் கராஜ் ஆகாது. பக்கத்தில் நெருப்போ பொறியோ இருந்தால் 40 சதவீதச் சாராயத்தின் ஆவியே சுமார் 26 டிகிரி செல்சியஸில் தீப்பிடிக்கும். அதைவிடக் கடுமையானது இன்னும் குறைந்த சூட்டிலேயே பிடிக்கும்.

நல்ல பகுதியை மட்டும் வைத்தால் போதாதா, அண்ணை? முதலில் வருவதும் கடைசியில் வருவதும் கழிவுதானே?

தம்பி, என்னைக் கேட்டால் சேகரிப்பில் விலைமதிப்பில்லாதவை அவைதான். வடிவதில் நல்ல பகுதியை எங்கே வெட்டிப் பிரிப்பது என்பதில்தான் மொத்தத் திறமையும் இருக்கிறது. அந்த எல்லையை மூக்குக்குக் காட்ட எல்லைக்கு அப்பால் இருப்பதும் வேண்டும். முதலில் வரும் ஹெட்ஸில் பச்சை ஆப்பிள் மாதிரி வருவது அசிட்டால்டிஹைடு. நெயில் பாலிஷ் ரிமூவர் மாதிரி அடிப்பது எத்தில் அசிடேட். கடைசியில் வரும் டெயில்ஸில் ஈர அட்டை வாசமும் வியர்வைப் புளிப்பும் வரும். வடிவதைப் பிடிக்கும் ஒவ்வொரு ஜாடியிலிருந்தும் வடிந்த வரிசையிலேயே கொஞ்சம் எடுத்து எண் போடுங்கள். அடுத்த முறை சந்தேகம் வந்தால் பழைய ஐந்தாம் எண்ணைத் திறந்து பக்கத்தில் வைத்துப் பாருங்கள், கை தானாக முடிவெடுக்கும். கெட்டுப்போன ஊறலிலிருந்து வந்ததையும் வையுங்கள்.

இவற்றில் "முகர மட்டும்" என்று சிவப்பில் எழுதி, பிள்ளைகள் கைக்கு எட்டாமல் பூட்டி வைக்க வேண்டும். இன்னொன்று, மெத்தனாலை மூக்கு கண்டுபிடிக்காது. பழ ஊறலில் பெக்டினிலிருந்து அது உண்டாகும். வாசனை சரியாக இருப்பதால் பாதுகாப்பு என்று அர்த்தமில்லை.

எந்த வீரியத்தில் முகர்வது?

வடித்த வீரியத்திலேயே சேமியுங்கள். முகரும்போது மட்டும் நீர் சேர்த்து எல்லாவற்றையும் 20 சதவீதத்துக்குக் கொண்டுவாருங்கள். ஸ்காட்லாந்தின் விஸ்கி கலவை நிபுணர்கள் செய்வதும் இதுதான். கடுமையான சாராயம் மூக்கை மரத்துப்போகச் செய்யும். 40 சதவீதத்தில் இருப்பதற்குச் சம அளவு தண்ணீர் ஊற்றினால் கிட்டத்தட்ட சரி. ஆல்கஹால் மீட்டர் பெரும்பாலும் 20 டிகிரி செல்சியஸ் வெப்பநிலைக்கு அளவிடப்பட்டிருக்கும். சூடான திரவத்தில் வீரியத்தைக் கூட்டிக் காட்டும். சர்க்கரை சேர்த்ததில் குறைத்துக் காட்டும்.

லேபிளில் எழுதியது அழிந்துவிடுகிறது.

பென்சிலால் எழுதுங்கள். பேனா மை ஒரு சொட்டு சாராயத்தில் கரைந்துவிடும். "முகர மட்டும்" என்ற எச்சரிக்கையைத் தவிர பாட்டிலில் எண் மட்டும் போதும். தேதி, ஊறல், வீரியம் எல்லாம் நோட்டில் இருக்கட்டும். விவரம் கண்ணில் பட்டால் மூக்கு அதையே ஒப்பிக்கும்.

நம் மூக்கை நாமே எப்படிச் சோதிப்பது?

வீட்டில் யாரையாவது மூன்று கிளாஸில் ஊற்றச் சொல்லுங்கள். இரண்டில் ஒரே மாதிரி, ஒன்றில் வேறு. எது வேறு என்று நீங்கள் சொல்ல வேண்டும். குருட்டாம்போக்கில் சொன்னாலும் மூன்றில் ஒரு தடவை சரியாகும், அதனால் ஒரு வெற்றியை நம்பாமல் பல தடவை செய்யுங்கள். எனக்குத் தெரிந்து இதைவிட நேர்மையான பரிசோதனை வீட்டில் கிடையாது.

குளிரில் வைத்த மாதிரி கலங்கிவிட்டது. கெட்டுவிட்டதா?

இல்லை. சுமார் 46 சதவீதத்துக்குக் கீழே, குளிரில் கொழுப்பமில எஸ்டர்கள் என்ற வாசனைப் பொருள்கள் பிரிந்து கலங்கலாகத் தெரியும். சூடானதும் தெளியும்.

சார், நான் திருச்சியில் இருக்கிறேன். இங்கே செய்து பார்க்கலாமா?

கூடாது. தமிழ்நாட்டில் வீட்டில் காய்ச்சுவது குற்றம். 2024 ஜூனில் கள்ளக்குறிச்சியில் மெத்தனால் கலந்த கள்ளச்சாராயம் 60க்கும் மேற்பட்டவர்களைக் கொன்றது. மூக்கைப் பழக்க மதுவே வேண்டியதில்லை. காபிக்கொட்டை, நல்லெண்ணெய், தேன் என்று சிறு பாட்டில்களில் வைத்து இதே முறையில் பழகலாம்.

எத்தனை நாள் வைக்கலாம்?

நிரப்பியது நிரப்பியபடியே இருந்தால் பல வருடம். திரவ மட்டத்தில் ஒரு கோடு போடுங்கள். மட்டம் கோட்டுக்குக் கீழே இறங்கியிருந்தால் மூடி கசிகிறது, வீரியமும் வாசனையும் போயிருக்கும். அதை ஒப்பிடுவதற்கு எடுக்காதீர்கள். ஜோடி பாட்டிலைத் திறங்கள்.