ஆக்சிலரேட்டரிலிருந்து காலை எடுத்தாலும் வண்டியை ஒரே வேகத்தில் ஓட்டும் க்ரூஸ் கன்ட்ரோல் கிட் ஒன்றைப் பழைய ஜீப்பில் பொருத்தினேன். விளக்கு எரிகிறது, ஆனால் வேகத்தைப் பிடிக்க மாட்டேன் என்கிறது. கிட்டையே மாற்றிவிடலாமா?

மாற்றாதீர்கள். நான் மாற்றிப் பார்த்தேன், இரண்டாவது கிட்டும் முதல் கிட் செய்ததையே அச்சுப் பிசகாமல் செய்தது. அப்போதுதான் கோளாறு வண்டியில் இருக்கிறது, கிட்டின் கட்டுப்பாட்டுப் பெட்டியில் இல்லை என்று மண்டையில் ஏறியது.

நீங்கள் சொன்னதை வைத்துப் பார்த்தால் உங்களுடையது கேபிள் த்ராட்டில் (ஆக்சிலரேட்டர் பெடல் கேபிளால் இழுத்துத் திறப்பது), மேனுவல் கியர், வெளியில் வாங்கிப் போட்ட கிட். பெரும்பாலான நேரம், வேகத்தைப் பிடிக்கச் சொல்லும் 'செட்' பொத்தானை அழுத்தினால் சத்தமே இல்லை, ஒரே ஒரு தடவை பிடித்துப் பத்து வினாடியில் விட்டுவிட்டது. இது எனக்கு நன்றாகப் பரிச்சயமான கதை. இந்தக் கருவி பயந்த சுபாவம் உள்ளது, வேண்டுமென்றே அப்படிச் செய்திருக்கிறார்கள். பிரேக் வயர் சரியா, வேகத்தின் சிக்னல் வருகிறதா, கிளட்ச் மிதிபடவில்லையா என்று ஒவ்வொன்றாகக் கேட்கும். ஒன்றில் சந்தேகம் வந்தாலும் ஆக்சிலரேட்டரைத் தொடவே தொடாது. ஆகவே 'ஏன் வேலை செய்யவில்லை' என்று தேடுவதை விட 'எதைச் சந்தேகப்படுகிறது' என்று தேடினால் சீக்கிரம் முடியும்.

முதலில் ஒரு கேள்வி: பின்பக்க பிரேக் லைட்டில் எல்இடி பல்பு போட்டிருக்கிறீர்களா? பழைய வண்டி வைத்திருப்பவர்கள் முதலில் செய்யும் வேலையே அதுதான், நானும் செய்தேன். நிறைய கிட்களில் பிரேக் சுவிட்சைத் தாண்டி லைட்டுக்குப் போகிற வயரில் ஒரு இணைப்பு கொடுக்கச் சொல்வார்கள். பிரேக் மிதிக்காதபோது அந்த வயர் குண்டு பல்பின் இழை வழியாக எர்த்தைத் தொட்டுக்கொண்டிருக்கும், மிதித்தால் 12 வோல்ட் வரும். பெட்டி இரண்டையும் பார்க்கிறது. சும்மா இருக்கும்போது எர்த் தெரியவில்லை என்றால் வயர் அறுந்துவிட்டது என்று எடுத்துக்கொண்டு ஒதுங்கிவிடும். எல்இடி பல்பு அந்த எர்த்தைக் காட்டாது, அவ்வளவுதான் விஷயம். க்ரூஸின் மெயின் சுவிட்ச் விளக்கு ஜம்மென்று எரியும், பிரேக் லைட்டும் எரியும், க்ரூஸ் மட்டும் பிடிக்காது. இதற்கு நான் செலவழித்தது மூன்று ஞாயிற்றுக்கிழமைகள்.

சோதிப்பது சுலபம். சாவியை எடுத்துவிட்டு, பெட்டியின் கனெக்டரைக் கழற்றி, அந்த பிரேக் வயருக்கும் பாடி எர்த்துக்கும் நடுவில் மல்டிமீட்டரை ஓமில் வையுங்கள். குண்டு பல்பு இருந்தால் ஓரிரண்டு ஓம், அதற்கும் குறைவாகக்கூடக் காட்டும். (21 வாட் பல்பைக் கணக்குப் போட்டால் ஏழு ஓம் வர வேண்டுமே என்று குழம்பாதீர்கள், அது இழை சூடாக எரியும்போது உள்ள கணக்கு, ஆறிய இழைக்கு மின்தடை மிகவும் குறைவு.) நூற்றுக்கணக்கில் காட்டினாலோ ஒன்றுமே காட்டாவிட்டாலோ குற்றவாளி கிடைத்தாயிற்று. எல்இடி போடாமலேயே இப்படி வந்தால் டெயில் லைட்டின் எர்த் துருப்பிடித்திருக்கும். சேற்றிலும் தண்ணீரிலும் இறங்கிய வண்டியில் அந்த எர்த் ஸ்க்ரூவைக் கழற்றிச் சுரண்டி மாட்டினாலே பாதி மின்சாரக் கோளாறுகள் ஓடிவிடும்.

இதற்கு 5 பின் ரிலே (மின்சாரத்தால் மாறும் சுவிட்ச்) போடுவதைப் பலர் சொல்வார்கள்: 30-ம் எண் பின்னில் பெட்டியின் பிரேக் வயர், 87ஏ-யில் எர்த், 87-ல் 12 வோல்ட், காயிலுக்கு பிரேக் லைட் வயர். வேலை செய்யும், மறுக்கவில்லை. ஆனால் எனக்கு அது பிடிக்கவில்லை. அந்த ரிலேயின் காயில் செத்துப்போனால் நீங்கள் பிரேக் மிதிப்பது பெட்டிக்குத் தெரியவே தெரியாது, எர்த் எர்த் என்றே பார்த்துக்கொண்டிருக்கும். அதை விட அந்த வயரில் ஒரு குண்டு பல்பை மட்டும் திரும்பப் போட்டுவிடுங்கள். பல்பு போனால் க்ரூஸ் நின்றுவிடும், அது நமக்கு நல்லது. பல்புக்குப் பதிலாக லோடு ரெசிஸ்டரும் (மின்தடை) போடலாம், ஆனால் 6 ஓம் ரெசிஸ்டர் பிரேக் மிதிக்கும் நேரமெல்லாம் சுமார் 24 வாட் சூட்டைக் கக்கும், பிளாஸ்டிக் பக்கத்தில் வைத்து டேப் சுற்றிவிடாதீர்கள்.

அப்புறம் அந்தப் பத்து வினாடி விவகாரம். பிடித்துவிட்டு விட்டுவிடுகிறது என்றால் இரண்டே இடம்தான் பார்ப்பேன். ஒன்று, பெடல் மேல் இருக்கும் பிரேக் சுவிட்ச். பழைய வண்டியில் பெடல் புஷ் தேய்ந்து ஆடும், சுவிட்ச் நூலிழையில் நின்றுகொண்டிருக்கும், ஒரு சின்னப் பள்ளத்தில் இறங்கி ஏறினாலே கண நேரம் பிரேக் மிதித்த மாதிரி ஆகிவிடும். கிளட்ச் சுவிட்சுக்கும் இதே கதி. கிட்டுடன் கிளட்ச் சுவிட்ச் வந்திருந்தால் அதைச் சோம்பல்பட்டு விட்டுவிடாதீர்கள். க்ரூஸ் ஓடும்போது கிளட்ச் மிதித்தால் சுமை போய் இன்ஜின் ஊளையிடும்.

இன்னொன்று வேகத்தின் சிக்னல். பல கிட்களில் சக்கரங்களுக்குச் சுழற்சியைக் கொண்டுபோகும் ப்ரொப்பெல்லர் ஷாஃப்டில் காந்தம் கட்டி, அது சுற்றுவதை ஒரு சென்சார் எண்ணும்; நீங்கள் அந்தக் காந்தத்தை எந்த ஷாஃப்டில் கட்டினீர்கள் என்று எழுதவில்லை. முன் ப்ரொப்பெல்லர் ஷாஃப்டில் கட்டியிருந்தால், ஃப்ரீ வீல் ஹப்பைத் திறந்து (முன் சக்கரங்களை ஷாஃப்டிலிருந்து விடுவித்து) டூ வீல் டிரைவில் ஓட்டும்போது அது சுற்றவே சுற்றாது! பின் ஷாஃப்டில்தான் கட்ட வேண்டும், அதிலும் ஆக்சில் பக்கம் இல்லை, கியர்பாக்ஸை ஒட்டி இருக்கும் ட்ரான்ஸ்ஃபர் கேஸ் பக்கம். ஆக்சில் பக்கம் சஸ்பென்ஷனோடு மேலும் கீழும் போய்வரும், காந்தத்துக்கும் சென்சாருக்கும் உள்ள இடைவெளி குண்டும் குழியுமான பாதையில் மாறிக்கொண்டே இருக்கும். காந்தங்களை எதிரெதிரே ஜோடியாக வைத்து உலோகப் பட்டையால் இறுக்குங்கள், வெறும் பசையை நம்பினால் முதல் ஆற்றைக் கடக்கும்போது போய்விடும். என்னுடையதில் ஒன்று போயிற்று, ஷாஃப்ட் அதிர்வதைப் பார்த்து யுனிவர்சல் ஜாயின்ட் போய்விட்டது என்று நினைத்து அதையும் கழற்றினேன்.

ஸ்பீடோமீட்டர் கேபிளில் நடுவே மாட்டும் சென்சார் என்றால் மீட்டர் முள்ளைப் பாருங்கள். முள் தள்ளாடினால் க்ரூஸும் தள்ளாடும், கேபிளைக் கழற்றி கிரீஸ் போடாமல் பெட்டியின் செட்டிங்கைத் திருகுவதில் பயனில்லை. இந்த வழி ஒன்றும் புதிதல்ல. பார்வையற்ற பொறியாளரான ரால்ஃப் டீட்டர் 1950-ல் காப்புரிமை பெற்ற யோசனை 1958-ல் க்ரைஸ்லர் இம்பீரியலில் வந்தபோதும், ஸ்பீடோமீட்டர் கேபிளின் சுழற்சியை வைத்து வேகத்தை அறிந்து ஒரு மோட்டார் த்ராட்டிலை அசைத்தது. அறுபது வருடத்துக்கு மேல் ஆகியும் நாம் ஜீப்புக்கு அடியில் படுத்துக்கொண்டு அதையேதான் மாட்டுகிறோம்.

பெரிய டயர் போட்டிருந்தால் அதே வேகத்துக்கு சென்சார் அனுப்பும் துடிப்புகள் குறையும், பெட்டியில் துடிப்பு எண்ணிக்கைக்கான சின்ன சுவிட்சுகள் இருக்கும், அடுத்த படிக்கு மாற்றிப் பாருங்கள். பல கிட்கள் மணிக்கு 40, 50 கிலோமீட்டருக்குக் கீழே எப்படியும் பிடிக்காது, ஆகவே தெருவுக்குள் சோதித்துவிட்டு ஏமாறாதீர்கள்.

த்ராட்டிலை இழுக்கும் சர்வோ எது, வாக்குவத்தில் (இன்ஜின் உறிஞ்சும் இழுப்பில்) ஓடுவதா, மோட்டாரில் ஓடுவதா? டீசல் என்றால் யோசிக்கவே வேண்டாம், மோட்டார் சர்வோதான். டீசல் இன்ஜினில் மேனிஃபோல்டில் பயன்படுகிற அளவு வாக்குவம் கிடையாது, இருப்பது பிரேக் பூஸ்டருக்காக ஓடும் பம்பு மட்டும், அதில் போய் ஒரு டி வடிவ இணைப்பு போட்டு க்ரூஸுக்குக் கடன் வாங்குவது எனக்குச் சம்மதமில்லை. பெட்ரோலில் வாக்குவம் வேலை செய்யும், ஆனால் நீண்ட மேட்டில் த்ராட்டில் திறக்கத் திறக்க வாக்குவம் குறையும், மிகவும் தேவைப்படும் நேரத்தில் சர்வோவுக்கு மூச்சு வாங்கும். ஒருவழி வால்வும் ஒரு வாக்குவம் டப்பாவும் சேர்த்தால் கொஞ்சம் தாக்குப்பிடிக்கும். ஹோஸ்களை மடக்கிப் பாருங்கள், முப்பது வருட ரப்பர் விரல் பட்டதும் வெடிக்கும்.

த்ராட்டில் கேபிளில் தொய்வு அதிகம் இருந்தால் வேகம் ஏறி இறங்கி ஊஞ்சலாடும். தொய்வே இல்லாமல் இறுக்கினால் ஐடில் (காலை எடுத்தபின் இன்ஜின் ஓடும் வேகம்) ஏறிவிடும். லேசாக ஆட்டினால் ஒரு நூல் அளவு அசைய வேண்டும், அது போதும். இன்ஜின் மவுண்ட் தேய்ந்திருந்தால் கியர் போடும்போது இன்ஜின் புரண்டு அதுவே கேபிளை இழுக்கும், அதற்குக் கொஞ்சம் வளைவு விட்டுக் கட்டுங்கள், எக்ஸாஸ்ட் மேனிஃபோல்டிலிருந்து தள்ளி. இன்ஜின் அணைந்திருக்கும்போது சர்வோ கேபிளைக் கையால் முழுக்க இழுத்து விடுங்கள். த்ராட்டில் 'டப்' என்று திரும்பி மூட வேண்டும். நிதானமாகத் திரும்பினாலும் அந்த வண்டியை ரோட்டுக்கு எடுக்க மாட்டேன்.

முதல் ஓட்டத்துக்கு ஆளில்லாத சமதள ரோடு, கால் பிரேக் மேலேயே, மெயின் சுவிட்ச் கைக்கெட்டும் தூரத்தில். தார் ரோட்டை விட்டு இறங்கும்போதும் மழையிலும் மெயின் சுவிட்சை அணைத்துவிடுங்கள், சக்கரம் வழுக்கினால் என்ன செய்வது என்று இந்தப் பெட்டிக்குத் தெரியாது. ஆனால் இதெல்லாம் பிறகு, முதலில் அந்த பிரேக் வயரில் எத்தனை ஓம் வருகிறது என்று பாருங்கள்.