தீயைத் தாண்டிய தவளை

அன்புள்ள ஆசிரியருக்கு,

ஆஸ்திரேலியக் காட்டுத்தீ பற்றிய குறிப்பில், மண்ணுக்குள் பதுங்கிய தவளைகள் பல தப்பிவிட்டன என்று எழுதியிருந்தீர்கள். தவளைத் தோலில் நன்மை செய்யும் பாக்டீரியாக்கள் இருக்கின்றனவாமே. தவளை பிழைத்தால் அவையும் பிழைத்த மாதிரிதானே?

மாலதி

அன்புள்ள மாலதி,

‘தப்பிவிட்டன’ என்று எழுதியது என் அவசரம். 2019-20 தீக்குப் பிறகு, எரிந்த இடங்களிலிருந்து 66 வகைத் தவளைகளின் குரலை மக்கள் ஃபிராக்ஐடி செயலியில் பதிவுசெய்து அனுப்பினார்கள். அந்தச் சந்தோஷத்தில் எழுதிவிட்டேன். குரலை வைத்துத் தோலின் நிலையைச் சொல்ல முடியாது.

தவளை தண்ணீர் குடிப்பதே தோலால்தான். மூச்சிலும் ஒரு பங்கு அதற்கு. அதன் வழவழப்பில்தான் நீங்கள் சொல்லும் பாக்டீரியாக்கள் குடியிருக்கின்றன. பல்லி போலிருக்கும், ஆனால் தவளைக்கு உறவான அமெரிக்காவின் செம்முதுகு சாலமாண்டர் தோலில் ஜாந்தினோபாக்டீரியம் என்று ஒன்று உண்டு. அது சுரக்கும் வயலசின் என்ற ஊதாப் பொருள் கைட்ரிட் பூஞ்சையை வளரவிடாது. தோலைத் தாக்கி, உலகெங்கும் தவளை, சாலமாண்டர் போன்றவற்றில் 500 இனங்களுக்குமேல் சரியவைத்த பூஞ்சை அது.

ஆனால் இந்தக் குடித்தனம் நிலையானதல்ல. தவளை அடிக்கடி தோலுரிக்கும், உரித்ததைப் பெரும்பாலும் தானே விழுங்கியும்விடும். அதோடு பாக்டீரியாக்களில் நிறையப் போய்விடும். மண்ணிலிருந்தும் தண்ணீரிலிருந்தும் புதிதாக வந்து ஒட்ட வேண்டும். அதே சாலமாண்டரை ஆய்வகத்தில் மண்ணோடு வைத்தபோது தோலின் பாக்டீரியா வகைகள் நிலைத்தன. மண் இல்லாமல் வைத்தபோது குறைந்துபோயின. ஆகவே தீ அணைந்த பிறகு மண் என்ன ஆனது என்பதுதான் கேள்வி. இலைச்சருகு போய்விட்டது, மேல்மண் வெந்துவிட்டது, சாம்பல் கரைந்து காரத்தன்மை ஏறிவிட்டது, நிழலும் இல்லை. உரித்தபின் புதுத் தோலில் வந்து ஒட்டுவது பழைய கூட்டமாகவே இருக்கும் என்று எப்படி நம்புவது?

கலிஃபோர்னியாவில் சிறு தீக்குள் நடந்து வெளியே வந்த நியூட்களை (சாலமாண்டரில் ஒரு வகை) பற்றி 1997இல் ஒரு குறிப்பு வந்தது. அவற்றின் உடல்பூச்சு, அடித்த முட்டை வெள்ளைக்கரு போல நுரைத்திருந்ததாம். நியூட் பிழைத்தது, சரி. நுரைத்த பூச்சுக்குள் இருந்தவற்றை நினைத்துப் பாருங்கள்.

இதற்கு ஒரு மறுபக்கமும் உண்டு. கைட்ரிட்டுக்குச் சூடு ஆகாது. 30 டிகிரியை நெருங்கினாலே தடுமாறும். மொன்டானாவின் க்ளேசியர் தேசியப் பூங்காவில், எரிந்த காட்டில் பிடித்த தேரைகளிடம் அந்தத் தொற்று குறைவாக இருந்தது. உடனே தீயை வைத்தியமாக்கிவிடாதீர்கள். தேரையின் தோல் தடிப்பு, வெயிலைக் கொஞ்சம் தாங்கும். அதே வெயிலில் மெல்லிய தோல்கொண்ட சாலமாண்டர் காய்ந்தே செத்துப்போகும்.