நட்சத்திரத்துக்கு மனைவியின் பெயர்: 9,990 ரூபாய் கொடுக்கலாமா?

கேள்வி: ஐயா, எனக்கு வயது 29. திருப்பூரில் ஒரு பின்னலாடை ஏற்றுமதி நிறுவனத்தில் வேலை பார்க்கிறேன். கைக்கு வரும் சம்பளம் மாதம் 34,000 ரூபாய். வாடகை, வீட்டுச் செலவு, ஊரில் இருக்கும் பெற்றோருக்கு அனுப்புவது எல்லாம் சேர்ந்து 27,000 ஆகிவிடுகிறது. சேமிப்புக் கணக்கில் 22,000 இருக்கிறது. அடுத்த மாதம் எங்கள் முதல் திருமண நாள். ஒரு நட்சத்திரத்துக்கு மனைவியின் பெயரைச் சூட்டி, சான்றிதழையும் வான்வரைபடத்தையும் சட்டம் போட்டு 9,990 ரூபாய்க்கு ஒரு நிறுவனம் தருகிறது. பெயர் சர்வதேச அளவில் அதிகாரபூர்வமாகப் பதிவாகும், என்றென்றும் உங்களுடையதாக இருக்கும் என்று விளம்பரத்தில் போட்டிருக்கிறார்கள். முன்பணமாக 999 ரூபாய் கட்டிவிட்டேன். மீதி 8,991 ரூபாயை வட்டியில்லாத மூன்று மாதத் தவணையாகக் கிரெடிட் கார்டில் கட்டலாமாம். இது நல்ல செலவா? பின்னாளில் இதற்கு மதிப்பு கூடுமா?

பதில்: முதல் திருமண நாளில் மனைவியின் கையில் மறக்க முடியாத ஒன்றைக் கொடுக்க வேண்டும் என்ற உங்கள் எண்ணம் மிக நல்லது. அதைக் குறைத்துச் சொல்ல எனக்கு மனமில்லை. ஆனால் மீதிப் பணத்தைக் கட்டாதீர்கள் என்பதே என் ஆலோசனை. பரிசு என்பதற்காக இதைச் சொல்லவில்லை. பரிசுக்குச் செலவிடும் பணத்துக்கு லாபக் கணக்குப் பார்க்கத் தேவையில்லை. உங்களிடம் விற்கப்படுவது ஒன்று, விளம்பரம் சொல்வது வேறொன்று என்பதுதான் காரணம்.

நட்சத்திரங்களுக்கு உலக வானியலாளர்கள் எல்லோரும் ஏற்கும் பெயரை முடிவு செய்யும் அமைப்பு சர்வதேச வானியல் ஒன்றியம். 1919இல் தொடங்கப்பட்ட இந்த ஒன்றியம், பெயர்களை முறைப்படுத்துவதற்கென்றே 2016இல் ஒரு குழுவை அமைத்தது. அந்தக் குழு ஏற்றுக்கொண்ட பட்டியலில் நமக்குப் பழக்கமான ரேவதி, பரணி ஆகிய பெயர்களும் இருக்கின்றன. இந்த ஒன்றியம் எந்தப் பெயரையும் காசுக்கு விற்பதில்லை. பெயர்களை விற்கும் எந்த நிறுவனத்துக்கும் தன் அங்கீகாரம் இல்லை என்பதை வெளிப்படையாகவே அறிவித்திருக்கிறது. ஆகவே நீங்கள் பணம் கட்டினால் உங்கள் மனைவியின் பெயர் அந்த நிறுவனத்தின் சொந்தப் பதிவேட்டில் ஏறும்; எந்த வான் ஆய்வகமும் அந்தப் பெயரைப் பயன்படுத்தாது. ஒவ்வொரு நிறுவனமும் தனித்தனியாகப் பதிவேடு வைத்திருப்பதால், இன்று உங்கள் மனைவியின் பெயர் பெறும் அதே நட்சத்திரம் நாளை இன்னொரு நாட்டில் இன்னொருவரின் பெயரில் விற்கப்படுவதையும் தடுக்க வழியில்லை. நிறுவனம் மூடப்பட்டால் பதிவேடும் அத்தோடு போகும்.

தங்கள் பெயர்ப் பதிவேட்டைப் புத்தகமாக அச்சிட்டுப் பதிப்புரிமை அலுவலகத்தில் பதிவு செய்திருப்பதாகச் சில நிறுவனங்கள் சொல்வதுண்டு. அது உண்மையாகவே இருந்தாலும், அந்தப் பதிவு பாதுகாப்பது அச்சிட்ட நூலைத்தான். அதற்குள் இருக்கும் பெயருக்கும் நட்சத்திரத்துக்கும் அதனால் எந்த உரிமையும் வந்துவிடாது. நட்சத்திரமே சொந்தமாகும் என்று யாராவது சொன்னால் அதையும் நம்ப வேண்டாம். விண்வெளியையும் அங்குள்ள பொருள்களையும் எந்த நாடும் தனதாக்கிக்கொள்ளக் கூடாது என்பது 1967ஆம் ஆண்டின் விண்வெளி ஒப்பந்தம். இந்தியாவும் அதில் ஓர் உறுப்பு நாடு. அரசுக்கே இல்லாத உரிமையை ஒரு கடைக்காரர் உங்களுக்கு எழுதிக் கொடுக்க முடியாது.

இந்த விவகாரம் புதிதும் அல்ல. நட்சத்திரப் பெயர்கள் அதிகாரபூர்வமானவை என்ற தோற்றம் தரும்படி விளம்பரம் செய்ததற்காக, 1998இல் நியூயார்க் நகர நுகர்வோர் விவகாரத் துறை ஒரு பெயர் விற்பனை நிறுவனத்தின் மீது நடவடிக்கை எடுத்தது.

விண்ணில் ஒரு பெயர் உண்மையாகவே நிலைப்பது வேறு வழியில் நடக்கிறது, அதற்கு விலை கிடையாது. தன் நூற்றாண்டையொட்டி 2019இல் ஒன்றியம் ஒவ்வொரு நாட்டுக்கும் ஒரு நட்சத்திரத்தையும் அதன் கோளையும் ஒதுக்கிப் பெயர்களைக் கேட்டபோது, இந்தியாவின் நட்சத்திரத்துக்கு இயற்பியலாளர் பிபா சௌத்ரியின் நினைவாகப் ‘பிபா’ என்ற பெயர் பொதுமக்கள் வாக்களிப்பின் வழியே தேர்வானது. 1988இல் காவலூர் வான் ஆய்வகத்தில் கண்டுபிடிக்கப்பட்ட குறுங்கோளுக்குக் கணிதமேதை ராமானுஜனின் பெயர் சூட்டப்பட்டது. குறுங்கோள்களுக்குப் பெயரைப் பரிந்துரைக்கும் உரிமை கண்டுபிடித்தவர்களுக்கே தரப்படுகிறது. அந்தப் பெயரையும் ஒன்றியத்தின் குழு ஏற்க வேண்டும்.

இனி உங்கள் இரண்டாவது கேள்வி. மதிப்பு கூடாது. மறுவிற்பனைச் சந்தை என்று ஒன்று இதற்கு இல்லை. அடகு வைக்க முடியாது. உயிலில் எழுதினாலும் வாரிசுக்குப் போய்ச் சேர்வது சட்டமிட்ட ஒரு தாள்தான். நல்ல தாளில் வண்ணத்தில் அச்சிட்டுச் சட்டம் போட உள்ளூர்க் கடையில் சில நூறு ரூபாய் முதல் ஆயிரத்துச் சொச்சம் வரை ஆகும். அதற்கு மேல் நீங்கள் கொடுப்பதெல்லாம் ‘அதிகாரபூர்வம்’ என்ற உறுதிமொழிக்கான விலை. அந்த உறுதிமொழி உண்மையில்லை என்பதால்தான் 9,990 ரூபாயை நியாயமான விலையாக என்னால் ஏற்க முடியவில்லை.

உங்கள் வரவு செலவையும் பார்க்க வேண்டும். எல்லாச் செலவும் போக மாதம் 7,000 ரூபாய் மிஞ்சுகிறது. மூன்று மாதத்துக்கு மாதம் 2,997 ரூபாய் தவணை கட்டினால், மிஞ்சும் தொகையில் ஐந்தில் இரண்டு பங்குக்கு மேல் அதற்கே போய்விடும். சேமிப்பில் இருக்கும் 22,000 ரூபாய் உங்கள் ஒரு மாதச் செலவுக்கே போதாது. ஏற்றுமதித் தொழிலில் ஆர்டர் குறைந்தால் முதலில் அடிபடுவது ஓவர்டைமும் ஊக்கத்தொகையும் என்பது உங்களுக்கு என்னைவிட நன்றாகத் தெரியும். குறைந்தது மூன்று மாதச் செலவான 81,000 ரூபாயைக் கையிருப்பாகச் சேர்க்கும் வரை, பரிசுக்காகக் கடனை இழுத்துப் போட்டுக்கொள்ள வேண்டாம் என்று உங்களை வருந்திக் கேட்டுக்கொள்கிறேன்.

‘வட்டியில்லாத் தவணை’ என்பதிலும் ஒரு விஷயம் இருக்கிறது. வங்கி வட்டியைப் போடத்தான் செய்கிறது. அந்த அளவுக்கு விற்பவர் விலையில் தள்ளுபடி காட்டுகிறார், அவ்வளவுதான். அந்த வட்டித் தொகையின் மீது 18 சதவீத ஜிஎஸ்டியும், பெரும்பாலான வங்கிகளில் செயலாக்கக் கட்டணமும், அதன் மீது மீண்டும் ஜிஎஸ்டியும் உங்கள் கணக்கில்தான் ஏறும். விற்பவர் வெளிநாட்டு நிறுவனமாக இருந்து டாலரிலோ பவுண்டிலோ பணம் எடுத்தால், பல கார்டுகளில் 3.5 சதவீதம் வரை அந்நியச் செலாவணிக் கட்டணமும் சேரும்.

முன்பணமாகக் கட்டிய 999 ரூபாயைத் திரும்பக் கேளுங்கள். விளம்பரம் மாற்றப்படுவதற்கு முன்பே, அதிகாரபூர்வப் பதிவு என்று போட்டிருக்கும் பக்கத்தையும் பணம் கட்டிய ரசீதையும் ஸ்கிரீன்ஷாட் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். பிறகு, எந்த அமைப்பின் அங்கீகாரம் உங்களுக்கு இருக்கிறது என்று கேட்டும், ஆர்டரை ரத்து செய்து பணத்தைத் திருப்பித் தரும்படியும் நிறுவனத்தின் குறைதீர் அலுவலருக்கு மின்னஞ்சல் அனுப்புங்கள். 2020ஆம் ஆண்டின் மின்வணிக விதிகளின்படி, புகார் கிடைத்ததை 48 மணி நேரத்துக்குள் அவர்கள் ஒப்புக்கொள்ள வேண்டும். ஒரு மாதத்துக்குள் தீர்வு தர வேண்டும். இந்திய நுகர்வோருக்குத் தொடர்ந்து விற்கும் வெளிநாட்டு நிறுவனங்களுக்கும் இந்த விதிகள் பொருந்தும். பதில் வராவிட்டால் தேசிய நுகர்வோர் உதவி எண்ணான 1915இல் புகாரைப் பதிவு செய்யுங்கள். அதற்கும் அசையவில்லை என்றால் மாவட்ட நுகர்வோர் ஆணையத்தை அணுகலாம். நீங்கள் வசிக்கும் மாவட்டத்திலேயே வழக்குத் தொடர 2019ஆம் ஆண்டின் சட்டம் இடம் தருகிறது. ஐந்து லட்சம் ரூபாய் வரையிலான கொள்முதலுக்குப் புகார்க் கட்டணம் இல்லை. இரண்டு ஆண்டுகளுக்குள் தொடர வேண்டும். 999 ரூபாய்க்காக இவ்வளவு தூரம் போக வேண்டுமா என்று தோன்றலாம். ஒரு மின்னஞ்சலும் ஒரு தொலைபேசி அழைப்பும் வரையாவது கட்டாயம் போங்கள். பல பேர் புகார் செய்தால்தான் விளம்பரம் மாறும்.

பரிசுக்கு என்ன செய்யலாம் என்று நீங்கள் கேட்கவில்லை. இருந்தாலும் சொல்கிறேன், ஏனென்றால் உங்கள் யோசனையின் நல்ல பகுதியை வீணாக்க வேண்டியதில்லை. ஸ்டெல்லேரியம் என்ற மென்பொருள் இலவசமாகக் கிடைக்கிறது. உங்கள் திருமணம் நடந்த ஊர், நாள், முகூர்த்த நேரம் ஆகியவற்றைக் கொடுத்தால், அந்த நிமிடத்தில் வானம் எப்படி இருந்தது என்பதைத் துல்லியமாகக் காட்டும். பகல் முகூர்த்தமாக இருந்தாலும் கவலையில்லை. புரோகிதர் அருந்ததி பார்க்கச் சொன்னபோது வெளிச்சத்தில் மறைந்திருந்த அந்த நட்சத்திரம் எந்தத் திசையில் இருந்தது, அல்லது அடிவானத்துக்குக் கீழே இருந்ததா என்பதுகூடத் தெரிந்துவிடும். அந்தப் படத்தை அச்சிட்டு, கீழே இருவர் பெயரையும் தேதியையும் எழுதிச் சட்டம் போட்டுக் கொடுங்கள். இந்தப் படத்தில் இருக்கும் எல்லாமே உண்மை.

இன்னும் கொஞ்சம் செலவிட முடியுமானால், காவலூருக்கு ஒரு பயணம் போய் வாருங்கள். ஜவ்வாது மலையில் இருக்கும் அந்த ஆய்வகத்தில் 1986இல் வானியலாளர் வைணு பாப்புவின் பெயர் சூட்டப்பட்ட 2.3 மீட்டர் தொலைநோக்கி இருக்கிறது. பார்வையாளர்களை அனுமதிக்கும் நாளையும் நேரத்தையும் முன்கூட்டியே விசாரித்துக்கொண்டு புறப்படுங்கள். மழைக்காலத்தில் வானம் மூடியிருக்கும் என்பதால் அந்த மாதங்களைத் தவிர்ப்பது நல்லது. சட்டமிட்ட படத்துக்கும் இருவரின் பயணத்துக்கும் சேர்த்து 3,500 ரூபாயை வரம்பாக வைத்துக்கொண்டால், அடுத்த மாத உபரியிலேயே அது முடிந்துவிடும். மீதி 3,500 ரூபாயை அதே நாளில் ஒரு தொடர் வைப்புக் கணக்கில் முதல் தவணையாகப் போட்டு, அவசரக் கையிருப்பைத் தொடங்கிவிடுங்கள்.