விஸ்கி பஞ்ச் ஏன் கசந்தது? – கடிதம்

வணக்கம்.

விருந்தினர் 12 பேருக்குப் பழைய முறையில் சூடான விஸ்கி பஞ்ச் (விஸ்கியில் எலுமிச்சை, இனிப்பு, வெந்நீர் கலந்த பானம்) செய்தேன். எட்டு எலுமிச்சையை நறுக்கிப் போட்டு, வெல்லமும் தண்ணீரும் 750 மி.லி. விஸ்கியும் சேர்த்துக் கொதிக்க வைத்தேன். ஒரே கசப்பு. விஸ்கி மணமே இல்லை. எங்கே தவறு?

கே.

அன்புள்ள கே.,

கசந்தது தோலால். மஞ்சள் தோலுக்கு அடியில் இருக்கும் வெள்ளைப் பகுதி வெந்து இறங்கிவிட்டது. பஞ்சுக்கு வேண்டியது மேலே காகிதக் கனத்தில் இருக்கும் மஞ்சள் மட்டும். நம்மூர் எலுமிச்சை இதற்கு ஆகாது. தோல் மெல்லிசு, சீவினால் வெள்ளையும் சேர்ந்தே வரும். சூப்பர் மார்க்கெட்டில் ‘லெமன்’ என்று விற்கும் தடித்தோல் மஞ்சள் பழம் நான்கு வாங்கி, மேலே பூசிய மெழுகு போக வெந்நீரில் தேய்த்துக் கழுவுங்கள்.

தோலைச் சீவி, 180 கிராம் வெள்ளைச் சர்க்கரையோடு மரக்கரண்டியால் நசுக்கி, மூன்று மணி நேரம் மூடி வையுங்கள். திறக்கும்போது சர்க்கரை ஈரமணல் மாதிரி மினுங்கும், தோல் சுருண்டு கிடக்கும், வாசனை அறை முழுக்கப் பரவும். தோலின் எண்ணெய் சர்க்கரையில் இறங்கிவிட்டது. பஞ்சின் உயிரே அதுதான். வெல்லம் போட்டால் இந்த மணத்தை அமுக்கிவிடும்.

1862-ல் நியூயார்க்கில் வெளிவந்த அமெரிக்க மதுக்கூடக்காரர் ஜெர்ரி தாமஸின் மதுக்கலவைக் கையேட்டில் சூடான விஸ்கி பஞ்சுக்கு விஸ்கி ஒரு பங்கு, கொதிநீர் இரண்டு பங்கு. ஸ்காட்ச் பஞ்ச் என்றால் ஸ்காட்லாந்தின் கிளென்லிவெட் விஸ்கியோ ஐலா தீவு விஸ்கியோ, அதுவும் முதல்தரமாக வேண்டும் என்கிறார். சரியான பேச்சு. சூடு பட்டால் மட்டமான விஸ்கியின் நெடிதான் முதலில் எழும்பும்.

அரை லிட்டர் கொதிநீரில் அந்தச் சர்க்கரையைக் கரைத்துத் தோலை வடிகட்டுங்கள். அடுப்பை அணைத்த பிறகே 750 மி.லி. விஸ்கி. ஆல்கஹால் 78 டிகிரியிலேயே கொதித்துவிடும். நீங்கள் கொதிக்க வைத்தபோது மணமும் அதோடு போய்விட்டது. ஆவியில் தீப்பிடிக்கவும் கூடும். கடைசியில் இன்னொரு லிட்டர் கொதிநீர் ஊற்றி மூடுங்கள். கண்ணாடிப் பாத்திரம் விரிசல் விடும், அடிகனமான எவர்சில்வர் போதும். பரிமாறும்போது ஜாதிக்காயைக் கொஞ்சம் துருவிப் போடுங்கள்.

150 மி.லி. கோப்பை ஒவ்வொன்றிலும் கிட்டத்தட்ட 50 மி.லி. விஸ்கி இருக்கிறது. இனிப்பில் அது தெரியாது. வண்டி ஓட்டி வந்தவர்களுக்கு முதலிலேயே சொல்லிவிடுங்கள்.